வேலியோரம் கிடைத்த வட்டம்

"அந்தக் கடிதத்தைக் கிழித்திருக்கவே கூடாது" என்று எத்தனை பேர் என்னோடு சண்டைக்கு வந்துவிட்டீர்கள்! கிழித்தது நானில்லை, குட்டி. முடிந்தால் அவளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். முப்பத்திரண்டு வயதாகியும் வீட்டில் குட்டி என்றே கூப்பிடப்படுகிற அந்தப் பெண்ணின் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா என்ன?

புதிதாக வந்து சேர்ந்துகொண்டவர்களுக்காக நாலு வரி. நாலு வருஷத்துக்கு முன்னால் குட்டிக்குக் கல்யாணம். மண்டபத்தில் ஆட்கள் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. பத்து மணிக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டிய மாப்பிள்ளை வரவில்லை. பதினோரு மணிக்கு அவள் போனில் ஒரு செய்தி வந்தது. 'என்னால் முடியாது. மன்னித்துவிடு.' அவன் காலை ஆறு மணி விமானத்தில் வெளிநாட்டுக்குக் கிளம்பிவிட்டதாக அவன் வீட்டார் சொன்னார்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவன் என்பதால் இந்த வீட்டில் அவனுக்குக் கண்ணாடி என்று பெயர். போன வாரம் அந்தக் கண்ணாடி ஊர் திரும்பினான். பழைய கடைக்கு மேலே ஓர் அறையில் தங்கியிருக்கிறான், சனிக்கிழமை காலையில் மறுபடி கிளம்புகிறான். அவன் குட்டிக்கு அனுப்பிய கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'அன்றைக்கு நான் வந்தேன்.'

குட்டி அதை எட்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். "வராதவனோட எனக்கு என்ன பேச்சு? விடுற கரடியையாவது கொஞ்சம் பெருசா விடக் கூடாதா?" என்றாள். அங்கேதான் விட்டோம்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

•

குட்டியின் அப்பாவுக்குத் தெருவில் மீட்டர் என்று பெயர். முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எண் குறித்தவர். ஓய்வு பெற்ற பிறகு படிக்க எண் எதுவும் இல்லாமல் மனிதர் தவித்துப் போனார். வீட்டுக் கடிகாரத்தையும் நாள்காட்டியையும் எத்தனை தடவைதான் படிப்பது? கடைசியில் மண்ணுக்குள் உலோகம் இருந்தால் காட்டிக்கொடுக்கிற கருவி ஒன்றை வாங்கிவிட்டார். நீளக் கைப்பிடி, கீழே ஒரு தட்டு, மேலே ஒரு சின்னத் திரை. தட்டுக்கு அடியில் இரும்பு வந்தால் ஓர் எண், பித்தளை வந்தால் இன்னோர் எண். அந்தத் திரைக்காகத்தான் அவர் அதை வாங்கினார் என்பது என் கட்சி.

இந்த இரண்டு வருஷத்தில் அவர் தோண்டியெடுத்தவை நூற்று நாற்பத்து மூன்று. சோடா மூடி, துருப்பிடித்த ஆணி, பாதிக் கத்திரிக்கோல், ஒரு தாழ்ப்பாள், வளைந்துபோன கரண்டி. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். வரிசை எண், இடம், ஆழம், திரை காட்டிய எண், என்ன பொருள் என்று ஐந்து கட்டங்கள். எழுத்தில் பொய் என்பதே கிடையாது. கிடைத்தது மூடி என்றால் மூடி என்றுதான் எழுதுவார்.

அன்று காலை எட்டு மணிக்கு அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது முகமே சரியில்லை. சந்தோஷத்தில்தான்.

வீட்டின் முன்னறைதான் தையல் கடை. குட்டியின் அம்மா, டெய்லரம்மா, வெட்டு மேஜைக்கு முன்னால் நின்று ஒரு கோட்டின் கைப்பகுதியில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். உதட்டுக்கு நடுவே ஆறேழு குண்டூசி. வாயில் ஊசி இருக்கும்போது அவளிடம் யாரும் பேச மாட்டார்கள். பேசினாலும் பதில் வராது.

"இங்க பாரு! நூத்தி நாப்பத்தி நாலு!" என்று மீட்டர் உள்ளங்கையை நீட்டினார்.

வட்டமாக ஒன்று. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. மேலே சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. ஓரம் முழுசாக ஒழுங்கில்லை. ஆனால் கையில் வைத்தால் கனம்.

"பழைய காசுன்னு நினைக்கிறேன். ராஜா காலத்துது கூட இருக்கலாம். ஒரு பக்கம் ஏதோ குத்தியிருக்கு, பாத்தியா?"

டெய்லரம்மா பார்த்தாள். வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசித் திண்டில் குத்தினாள். ஏழு ஊசிக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"எங்க கிடைச்சுது?"

"அது... சும்மா ஒரு காலி மனையில."

அந்தக் காலி மனை எது என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் ரகளையாகும் என்று அவருக்குத் தெரியும். அதே கல்யாண மண்டபத்தின் பின்பக்கம்! நாலு வருஷமாக இந்தக் குடும்பம் அந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. மண்டபத்துக்காரர்கள் அந்த மனையை மட்டம் தட்டி வண்டி நிறுத்துமிடமாக்கப் போகிறார்கள், அடுத்த வாரம் இயந்திரம் வருகிறது என்று காவல்காரர் சொன்னதும் மீட்டருக்கு மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு நாள், யாருக்கும் தெரியாமல், என்று போனவர்.

"கொடுங்க. நான் தேய்ச்சு வெக்கறேன்" என்றாள் டெய்லரம்மா.

மீட்டர் அசந்துவிட்டார். இரண்டு வருஷமாக அவர் கொண்டுவந்த எதையும் அவள் தொட்டதில்லை. எல்லாம் குப்பை. போன மாதம் தாழ்ப்பாளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்ததற்கு ஒரு வேளை முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

"என்ன இன்னைக்கு இவ்வளவு பாசம்?"

"பாசம் என்ன பாசம். அழுக்கா இருக்கு, அதான். கொண்டாங்க இப்படி."

கொடுத்திருப்பார். ஆனால் அறுபத்தோராவது பொருள் நினைவுக்கு வந்தது. அது நிஜமாகவே பழைய காசு. ஆசை தாங்காமல் பாத்திரம் துலக்கும் கம்பி நாரால் அரை மணி நேரம் தேய்த்து, கண்ணாடி மாதிரிப் பளபளவென்று எடுத்துக்கொண்டு நாணயக் கடைக்குப் போனார். எழுத்து, உருவம், வருஷம் எல்லாம் நாரோடு போய்விட்டிருந்தன. கடைக்காரர் அவரைத் திட்டின திட்டு நாலு கடைக்குக் கேட்டது.

"வேணாம், வேணாம். இதையெல்லாம் தேய்க்கவே கூடாது. முதல்ல அவர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன்" என்று சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள் டெய்லரம்மா.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. போய்ட்டு வாங்க."

அவர் போன பிறகு அவள் கோட்டை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். அன்று முழுவதும் அந்தக் கைப்பகுதி உடம்போடு சேரவே இல்லை.

•

நாணயக் கடை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கடிகாரம் பழுது பார்ப்பவருக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. நாணயக்காரர் ஒரு கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டே சாப்பிடுவார் என்று கேள்வி.

அவர் அந்த வட்டத்தை வாங்கி, மேஜைமேல் ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டார். டொக் என்றது.

"காசுன்னா பேசும். இது ஊமை" என்றார்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வட்டத்தின் ஓரத்தை அதில் இழுத்தார். பென்சிலால் போட்டது போல ஒரு சாம்பல் கோடு விழுந்தது.

"ஈயம். சந்தேகமே வேண்டாம். அச்சுல அடிச்சதும் கிடையாது, உருக்கி ஊத்தியிருக்காங்க. குழிக் கரண்டி மாதிரி எதுலயாவது ஊத்திட்டு மேல தட்டியிருக்காங்க. ஒரு பக்கம் வழவழன்னு இருக்கு, இன்னொரு பக்கம் ஏதோ குத்தியிருக்கு."

"பழசா?"

"எவ்வளவு ஆழத்துல எடுத்தீங்க?"

"ரெண்டு விரல்."

"ரெண்டு விரல் ஆழத்துல ராஜா வர மாட்டார், சார்." நாணயக்காரர் உருப்பெருக்கியைக் கழற்றினார். "இந்த வெள்ளை படியறதுக்கு மூணு, நாலு மழைக்காலம் ஆகியிருக்கும். நேத்து விழுந்ததும் இல்ல, நூறு வருஷத்துக்கு முன்னாடி விழுந்ததும் இல்ல."

மீட்டரின் மூக்கு உடைந்தது. ஆனாலும் மனிதர் விடவில்லை. "ஈயத்துலயும் முத்திரை எல்லாம் இருக்குமாமே? வியாபாரிங்க மூட்டைக்குப் போடற முத்திரை?"

"இருக்கும். இதுல என்னென்ன கலந்திருக்குன்னு தெரிஞ்சா இன்னும் கொஞ்சம் சொல்லலாம். அதுக்கு எங்கிட்ட ஏன் வர்றீங்க? உங்க பொண்ணு வேலை பாக்கற இடத்துலதான் அந்த மெஷின் இருக்கே!"

ஆமாம், இருக்கிறது. மீட்டருக்கு ஏன் தோன்றவில்லை என்றால், குட்டியிடம் அவர் தன் சாமான்களைக் காட்டுவதில்லை. அந்தக் கல்யாண நாளுக்குப் பிறகு அவளிடம் விளையாட்டுப் பேச்சுப் பேசவே வீட்டில் எல்லோருக்கும் பயம்.

•

குட்டி வேலை பார்ப்பது நகைகளின் தரம் சோதிக்கும் நிலையத்தில். அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம், பள்ளிக்கூடம் போய் வந்த நாளிலிருந்து, அம்மாவின் கடையில்தான் கைவேலை. கல்யாணம் நின்ற மறுநாள் கத்திரிக்கோலை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தவள் அதற்குப் பிறகு அந்த முன்னறையில் கால் வைக்கவில்லை. வீட்டுக்குள் போகவும் வரவும் பக்கவாட்டுக் கதவுதான். கோட்டுத் துணியின் வாசனையே ஆகாது என்றுவிட்டாள். அவளுக்காக அம்மா தைத்த புடவை ரவிக்கைகள்கூட மடிப்புக் கலையாமல் அலமாரியில் கிடக்கின்றன.

மத்தியானம் ஒரு மணி. கூட்டம் இல்லை. அப்பா கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றதும் குட்டி பயந்துவிட்டாள்.

"என்னப்பா? அம்மாவுக்கு ஏதாவது?"

"அதெல்லாம் இல்லம்மா. இதை உன் மெஷின்ல ஒரு தடவை வெச்சுப் பாக்கறியா? காசு கட்டிடறேன்."

"நல்லா இருக்கு கதை! எங்கிட்டயே காசு கட்டுவாராம்." வாங்கி உள்ளே எடுத்துப் போனாள். இயந்திரம் ஒரு சின்ன இரும்புப் பெட்டி அளவு இருக்கும். மூடியைத் திறந்து பொருளை வைத்து மூடினால், அரை நிமிஷத்தில் எதில் எவ்வளவு என்று திரையில் வந்துவிடும். வெள்ளைப் படிவு அளவைக் கெடுக்கும் என்பதால், தண்ணீர் தொட்ட மெல்லிய தூரிகையால் வழவழப்பான பக்கத்தை மட்டும் கொஞ்சம் துடைத்துவிட்டு வைத்தாள்.

"தொண்ணூத்தாறு ஈயம். மூணு ஆன்டிமனி. மிச்சம் சில்லறை" என்று வாசித்தவள் தானாகவே சிரித்துவிட்டாள்.

"ஏம்மா சிரிக்கிற?"

"ஆன்டிமனிங்கறது ஈயத்தைக் கெட்டியாக்கறதுக்குக் கலக்கறது, அப்பா. கார் சக்கரம் ஆடாம இருக்க ஓரத்துல அடிப்பாங்களே ஈயக்கட்டி, அதுலதான் இப்படிக் கலந்திருக்கும். டயர் கடையிலேருந்து பை பையா சுமந்தவ நான். எனக்குத் தெரியாதா?" அவள் வட்டத்தை எடுத்து விரலால் ஓரத்தைத் தடவினாள். "வெளியில போய் எங்கெங்கயோ தோண்டி, வீட்டுச் சாமானையே எடுத்துட்டு வந்திருக்கீங்க. இது அம்மா ஊத்தின கோட்டு ஈயம்."

மீட்டர் விழித்தார். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் கோட்டுக்குள் ஈயம் போகிறது என்று தெரியுமே தவிர, அது துணிப்பைக்குள் தைக்கப்படுவதற்கு முன்னால் எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததே இல்லை. ஊரெல்லாம் மீட்டர் பார்த்த மனிதர்!

உங்களில் சிலருக்கும் தெரியாமல் இருக்கலாம். நல்ல கோட்டு என்றால் கீழ் ஓரம் நேராகத் தொங்க வேண்டும், நடக்கும்போது காற்றில் தூக்கக் கூடாது. அதற்காக ஓர மடிப்புக்குள் கனம் வைத்துத் தைப்பார்கள். டெய்லரம்மா ஒரு கோட்டுக்கு நாலு ஈயம் வைப்பாள். அதோடு நிற்க மாட்டாள். ஒவ்வோர் ஈயத்திலும், அந்த வாடிக்கையாளரின் அளவு புத்தகப் பக்கம் எதுவோ அந்த எண்ணைக் குத்திவிடுவாள். பத்து வருஷம் கழித்து யாராவது கோட்டைப் பிரித்துத் தைக்கக் கொண்டுவந்தால், நீங்கள் யார், எப்போது தைத்தது என்றெல்லாம் கேட்க வேண்டாம். ஓரத்தில் ரெண்டு தையலைப் பிரித்தால் எண். எண்ணைப் பார்த்தால் பக்கம். எண்ணுக்குக் கீழே புள்ளியும் உண்டு. அதே ஆளுக்கு முதல் கோட்டு என்றால் ஒரு புள்ளி, இரண்டாவது என்றால் இரண்டு.

"யாரோட கோட்டுன்னு இப்பவே சொல்றேன் பாருங்க" என்று குட்டி உற்சாகமாகத் தூரிகையை நனைத்தாள். நாலு வருஷத்தில் அவள் அப்படிப் பேசி மீட்டர் கேட்டதில்லை. காசு இல்லாவிட்டால் போகட்டும் என்று அவருக்கே ஒரு சந்தோஷம்.

வெள்ளை மெதுவாகக் கரைந்தது. முதலில் ஒரு 2. அதன் வால் பாதியில் நின்றது. 2 குத்துகிற உளி அப்படித்தான். குட்டிக்குப் பதிமூன்று வயதில் அது அவள் கையிலிருந்து தவறித் தரையில் விழுந்து முனை உடைந்தது. அன்றைக்கு வாங்கின திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அடுத்தது 1. அதற்கடுத்து, மறுபடி, வால் உடைந்த 2.

குட்டியின் கை நின்றது.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை அவள் புத்தகம் திறக்காமலே சொல்வாள். அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. எந்த ஆளுக்கும் இரண்டு பேர் அளவெடுக்க வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக் கூடாது. பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கால் அங்குலம் மாறினாலும் மறுபடி அளவெடுக்க வேண்டும். கண்ணாடி முதல் தடவை வந்தபோது அம்மாவின் தோள் அளவுக்கும் மகளின் தோள் அளவுக்கும் அரை அங்குலம் வித்தியாசம். மூன்று தடவை வரச்சொன்னார்கள். மூன்றாவது தடவை டெய்லரம்மா, "உனக்குக் கை நடுங்குதா, இல்ல அவனுக்குத் தோள் வளருதா?" என்று கேட்டாள். அப்படி ஆரம்பித்த கதைதான் அது.

குட்டி எண்ணுக்குக் கீழே தூரிகையை வைத்தாள். ஒரு புள்ளி தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று.

இரண்டாவது கோட்டு. கல்யாணக் கோட்டு.

"அப்பா, இதை எங்க எடுத்தீங்க?"

"ஒரு காலி மனையில."

"எந்த மனை?"

மீட்டரின் கை சட்டைப்பையைப் பொத்தியது. குட்டி கையை நீட்டினாள். அவர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். வேறு வழி? நூற்று நாற்பத்து நாலாவது வரியில் எழுதியிருந்தது: 'கல்யாண மண்டபம், பின்பக்கம். கம்பி வேலியிலிருந்து ஒன்றரை அடி. ஆழம் இரண்டு விரல்.' பொருள் என்ற கட்டம் காலி.

குட்டி பக்கத்தில் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"முதல் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு நான்தாம்மா அந்தக் கோட்டை அவன் வீட்டுல கொண்டு போய்க் கொடுத்தேன். அதுக்கு முன்னாடி அது நம்ம கடையை விட்டுப் போகவே இல்ல" என்றார் மீட்டர், மெதுவாக.

"அப்போ மறுநாள் அதைப் போட்டுக்கிட்டு மண்டபம் வரைக்கும் வந்திருக்கான்."

"ஆறு மணி விமானம்னு..."

"அதை யார் பாத்தது? நீங்க பாத்தீங்களா? நான் பாத்தேனா? அவங்க சொன்னாங்க, நாம தலையாட்டினோம்." குட்டி ஈயத்தைத் திருப்பிப் பார்த்தாள். "அவன் எழுதினது நிஜம், அப்பா. நாலு வருஷமா அவனை நான் என்னென்ன திட்டியிருக்கேன் தெரியுமா? மனசுக்குள்ளேயே. தினமும். காலையில எழுந்திரிச்சதும் முதல் வேலையே அதுதான்."

அழுதாள். மீட்டர் கைக்குட்டையை நீட்டினார். அதில் மண் ஒட்டியிருந்தது. அவளும் அதைப் பார்க்காமல் வாங்கித் துடைத்துக்கொண்டாள்.

"வாசல் வரைக்கும் வந்தவன் ஏன் உள்ள வரல? பின்பக்க வேலிகிட்ட அவனுக்கு என்ன வேலை?" என்று தனக்குத்தானே கேட்டவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அம்மா இதைப் பாத்தாங்களா?"

"காலையிலயே காட்டினேனே."

"என்ன சொன்னாங்க? கோட்டு ஈயம்னு சொல்லலியா? ஒரு கிலோமீட்டர் தூரத்துல வெச்சாலும் அவங்களுக்குத் தெரியுமே!"

மீட்டர் யோசித்தார்.

"சொல்லல. கொடுங்க, நான் தேய்ச்சு வெக்கறேன்னா."

•

சாயங்காலம் ஐந்து மணிக்குக் குட்டி வீடு வந்தாள். கூடவே மீட்டர். வழக்கமான பக்கவாட்டுக் கதவுப்பக்கம் திரும்பாமல், குட்டி கடை வாசல் வழியாக உள்ளே ஏறினாள்.

டெய்லரம்மா தையல் இயந்திரத்துக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போட்டிருந்தது, துணி எதுவும் இல்லை.

குட்டி அவளைப் பார்க்காமல் நேராக அலமாரிக்குப் போனாள். அளவு புத்தகங்கள் வரிசையாக இருக்கிற தட்டு. விரலை ஒவ்வொரு முதுகிலும் வைத்துக்கொண்டே போனவள் ஓர் இடைவெளியில் நின்றாள்.

"அது அங்க இல்ல. இங்க இருக்கு" என்றாள் டெய்லரம்மா.

வெட்டு மேஜைமேல் புத்தகம் திறந்து கிடந்தது. பக்கம் 212. இடது பக்கம் அம்மாவின் கையெழுத்து, வலது பக்கம் குட்டியின் கையெழுத்து. தோள் அளவு மட்டும் இரண்டு தடவை அடித்துத் திருத்தி எழுதப்பட்டிருந்தது.

குட்டி ஈயத்தை அந்தப் பக்கத்தின்மேல் வைத்தாள்.

"அவன் வந்தானா?"

"வந்தான்."

"எப்போ?"

"ஒம்பது மணிக்கு. நீ மாடி அறையில தலை வாரிக்கிட்டு இருந்தே. முன்வாசல்ல கூட்டமா இருக்குன்னு பின்வாசல் வழியா வந்தான். அங்க நான் மட்டும்தான் இருந்தேன்."

"அப்புறம்?"

"திருப்பி அனுப்பிட்டேன்."

வாசலில் நின்றிருந்த மீட்டர், "அடிப்பாவி!" என்றார். செருப்பைக் கழற்றக்கூட மறந்துபோனார்.

டெய்லரம்மா கணவன் பக்கம் திரும்பவில்லை. மகளைப் பார்த்தே பேசினாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. நாள் பூராவும் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாளோ என்னவோ.

"முன்பக்கமா திரும்பிப் போனா நாலு பேர் பாப்பாங்க. அதான் பின்னாடி கூட்டிட்டுப் போனேன். அங்க கம்பி வேலி. அவனால தனியா தாண்ட முடியல. கம்பியைத் தூக்கிப் பிடிச்சதே நான்தான். குனிஞ்சு போறப்ப கோட்டு மாட்டிக்கிச்சு, டர்ருன்னு ஒரு சத்தம். அந்த நேரத்துலயும் எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? ஐயோ, என் தையல் விட்டுடுச்சேன்னு. அவன் முகத்தைக்கூட நான் பாக்கல. கோட்டு ஓரத்தைத்தான் பாத்தேன்."

"நாலு வருஷம்" என்றாள் குட்டி. "நாலு வருஷமா பக்கத்து அறையில படுத்திருக்கேன். ஒரு நாளாவது சொல்லணும்னு தோணலியா உனக்கு?"

"தினமும் தோணுச்சு. நீ இந்த ரூமுக்குள்ள வந்தா சொல்லிடலாம்னு இருந்தேன். நீ வரவே இல்ல."

"என் மேலயே பழியைப் போடறியா?"

"இல்லடி." முதல் தடவையாக டெய்லரம்மாவின் குரல் தடுமாறியது. "பயமா இருந்துச்சு. நீ வரலைங்கறதை ஒரு சாக்கா வெச்சுக்கிட்டேன். அவ்வளவுதான்."

சுவர்க் கடிகாரம் ஐந்தரை காட்டியது. கண்ணாடிக் கடை ஏழு மணிக்கு மூடும். மாடியறைக்குப் போகிற வழி அந்தக் கடைக்குள்ளேதான். நாளைக் காலை அவன் கிளம்பிவிடுவான். குட்டி கடிகாரத்தைப் பார்த்ததை டெய்லரம்மாவும் பார்த்தாள்.

"ஏன் அனுப்பினேன்னு கேக்க மாட்டியா?" என்றாள் டெய்லரம்மா. "காரணம் இல்லாம பண்ணல. உட்காரு, சொல்றேன். கேட்டுட்டு என்னை என்ன வேணா பண்ணு."

குட்டி உட்காரவில்லை. ஈயத்தை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். மேஜைமேல் கிடந்த பென்சிலையும் ஒரு துண்டுத் தாளையும் எடுத்தாள்.

"இப்ப சொல்லாத."

"ஏன்?"

"முதல்ல அவன்கிட்ட போய்க் கேட்டு எழுதிக்கிட்டு வரேன். அதுக்கப்புறம் நீ சொல்லு, அதையும் எழுதிக்கறேன். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பாக்கக் கூடாது. நீ வெச்ச சட்டம்தானே?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு அளவும் ஒத்துப்போகுதான்னு இந்தத் தடவை நான் பாத்துக்கறேன்."

டெய்லரம்மா எழுந்துபோய்ப் புத்தகத்தை மூடினாள். மீட்டர் வழிவிட்டு நகர்ந்துகொண்டார்.

குட்டி கடை வாசல் வழியாகவே இறங்கிப் போனாள்.